எண்பதில் நிற்காத வண்டி

வண்டியை எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்திவைத்தால் மனசும் எங்காவது நிற்கும் என்று நம்பித்தான் அந்தப் பொத்தானை அழுத்தப் பழகினேன்.

ஓசூரில் எங்கள் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் சின்னச் சின்னப் பட்டறைகளுக்குப் போய், செய்த பொருள் சரியா என்று பார்ப்பது என் வேலை. சரியில்லாததற்குச் சிவப்புச் சீட்டு கட்டிவிட்டு வருவேன். இன்று சூளகிரி, நாளை கிருஷ்ணகிரி, மறுநாள் பர்கூர். வேலை என்று சொல்லிக்கொண்டாலும் எனக்கு வேண்டியிருந்தது சாலைதான். ஒரே நாற்காலியில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தால் எனக்கு மூச்சு முட்டும். நான் எழுதுகிற கவிதை வரிகூட வண்டி ஓடும்போதுதான் வரும். கிரானைட் கல்லைச் சுமந்து முனகும் லாரிகளுக்கும், மலைச்சரிவில் வெள்ளையாய்ப் படுத்துக் கிடக்கும் ரோஜாக் கொட்டகைகளுக்கும் நடுவில் எங்கிருந்தோ வந்து பக்கத்து இருக்கையில் உட்காரும்.

அந்தப் பொத்தானைக் குரூஸ் என்பார்கள். அழுத்திவிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம். சக்கரத்தருகே பல் வைத்த ஒரு வளையம் சுற்றிக்கொண்டிருக்கும். பற்கள் கடந்துபோவதைச் சென்சார் எண்ணும். அந்த எண்ணிக்கையை நான் கேட்ட வேகத்தோடு ஒரு சின்னக் கணினி ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கும். ஏற்றத்தில் வேகம் குறைந்தால் எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வாயிலை மோட்டார் இன்னும் கொஞ்சம் திறக்கும், இறக்கத்தில் மூடும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு நிலம் ஏறிக்கொண்டே வரும். வண்டி அந்த ஏற்றத்தை எனக்குத் தெரியாமல் தானே சுமந்துகொள்வதைக் கேட்டபடி வருவேன். பிரேக் பெடல் மயிரிழை அசைந்தால் போதும். பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்விட்ச் பின்புறச் சிவப்பு விளக்கை ஏற்றும், அதே நொடியில் கணினிக்கும் சொல்லிவிடும். கணினி உடனே விலகிக்கொள்ளும். வேகத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கும், திரும்பக் கூப்பிடுவேனோ என்று.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் குரூஸ் தானாக விடுபட ஆரம்பித்தது. எண்பதில் போய்க்கொண்டிருக்கும் வண்டி காரணமில்லாமல் தளரும். பின்னால் வரும் லாரிக்காரன் ஹாரனால் என் பரம்பரையையே திட்டுவான்.

காவேரிப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போதும் அப்படியே. என் மனைவி பக்கத்தில் இருந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி.

"ஏங்க, வண்டிக்கும் ஒங்களுக்கும் எதும் சண்டையா?"

"ஸ்விட்ச் போயிருக்கு. அது வந்த பேட்ச்சே மோசம்."

"மண்டபத்துல ஒத்தச் செருப்போட வந்து நின்னீங்கள்ல, அதுவும் பேட்ச் மோசந்தானா?"

"கவிஞன்னா அப்படித்தான் வருவான்."

"செருப்பு கழண்டது கூடவா தெரியாது கவிஞனுக்கு," என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். சர்க்கரை எனக்குப் பழைய விருந்தாளி. பாதம் பஞ்சு மாதிரி இருக்கிறது என்று எப்போதோ சொன்னதை நான் மறந்திருந்தேன்; அவள் மறக்கவில்லை.

எங்கள் வேலையில் குறை வந்தால் முதல் சீட்டு பொருளுக்குத்தான். ஆளைப் பிறகுதான் பார்ப்போம். ஸ்விட்சை நானே கழற்றினேன், சிவப்புச் சீட்டு கட்டிப் பெட்டியில் போட்டேன், புதிது மாட்டினேன். அதுவும் விடுபட்டது. அதற்கும் ஒரு சீட்டு. மூன்றாவதை மாட்டிக்கொண்டு மூக்கண்டப்பள்ளியில் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் போனேன். கெலமங்கலத்துக்காரர், வீட்டில் கன்னடம், கடையில் எல்லாம் கலந்து. மனைவியும் கூட வந்தாள். வருகிறாயா என்று நான் கேட்கவில்லை.

அவர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றார்.

"பிரேக்கை அமுத்துங்கண்ணா. சரி, எடுங்க."

"எடுத்துட்டேன்."

"லைட்டு எரியுதேண்ணா. காலை எடுங்க."

"எடுத்துட்டேன்பா. அதான் சொல்றனே, ஸ்விட்ச் ஒட்டிக்குது. இதுவும் ரிஜெக்ட்டு."

அவர் என் கதவருகே வந்து குனிந்தார். பிறகு கிரீஸ் கையால் என் கணுக்காலைப் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்தார். பிடித்ததைப் பார்த்தேன். பிடித்தது காலுக்குத் தெரியவில்லை.

"அக்கா, இப்ப பாருங்க."

"அணைஞ்சிருச்சு," என்றாள் மனைவி வண்டிக்குப் பின்னாலிருந்து.

இத்தனை நாளும் குரூஸ் தானாக விடுபடவில்லை. ஓய்வெடுக்கட்டும் என்று நான் விட்ட கால், எனக்குத் தெரியாமல் பிரேக்கின் மேல் போய்ச் சாய்ந்திருக்கிறது. என் கால் எங்கே இருக்கிறது என்று ஒரு ஸ்விட்சுக்குத் தெரிந்திருந்தது, கணினிக்குத் தெரிந்திருந்தது, பின்னால் வந்த லாரிக்காரனுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

"ஸ்விட்ச்சு நல்லாத்தான் இருக்குண்ணா," என்றார் அவர் தரையைப் பார்த்தபடி. சாவிக்குக் கை நீட்டினேன். "பேடாண்ணா, நீங்க ஓட்ட வேணாம். நான் கொண்டாந்து விடறேன்."

அவரே வந்து வீட்டு மதிலுக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்திவிட்டுப் போனார். மறுநாள் சாயங்காலம் மனைவியைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தேன். இனி உட்கார்ந்த இடத்திலேயே கிடக்க வேண்டியவனா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். எதிரே திறந்த கேட், கேட்டுக்கு அப்பால் தெரு, தெரு முடியும் இடத்தில் அந்தச் சாலை. அழுத்தினேன். எடுத்தேன்.

"அணைஞ்சிருச்சா?"

"இல்ல."

மறுபடி. "இப்ப?"

"இல்லங்க."

எத்தனை தடவை என்று தெரியாது. முழங்காலைப் பார்த்து எடுத்தேன், கண்ணை மூடி எடுத்தேன், காலைக் கெஞ்சி எடுத்தேன். தெருவில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"இப்ப?"

"அணைஞ்சிருச்சுங்க."

கண்ணாடியில் பார்த்தேன். மதில் முழுக்கச் சிவப்பு. அவள் முகத்திலும், முந்தானையை அழுத்திப் பிடித்திருந்த கையிலும் சிவப்பு.

"அப்ப சரி," என்றேன்.

குனிந்து இரண்டு கையாலும் காலைத் தூக்கிக் கதவுக்கு வெளியே வைத்தேன். மதில் சாம்பல் நிறமானது. அவள் கிட்டே வந்ததும் சாவியை நீட்டினேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு போய்க் கேட்டைச் சாத்தினாள்.