அரித்த கரையும் சலீமின் மெஷினும்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஐந்தாவதோடு நின்றவன்; பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நேற்று மாசி மகம். சாமிகள் கடல் தீர்த்தவாரிக்கு வரும் வழியில், ஒரு போலீஸ்காரர் சோதனைக் கருவியால் என் இடுப்பைத் தடவினார். மடியிலிருந்த சுண்ணாம்பு டப்பாவுக்கு அது 'பீப்' என்றது. உடனே எனக்குச் சலீமின் மெஷின் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும்.

சலீம் அப்போது என் கூட்டாளி. மகம் முடிந்ததும் இருவரும் சல்லடையோடு கரையில், முழுகியவர்கள் தவறவிட்ட காசு, மோதிரம் தேடுவோம். எங்கே தேடுவது என்று சொல்வது என் வேலை. வாடைக்காற்றில் அலை குட்டையாக, அடுத்தடுத்து விழுந்தால் கரையை அரித்துப் படி வெட்டிவிடும். படியின் அடியில் கருமணலும் துருப்பிடித்த ஆணியும் ஒதுங்கும். கனமானது கனத்தோடு சேரும், தங்கமும் அங்கேதான். காற்று ஓய்ந்து அலை சோம்பலாக வந்தால், மணலைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் மூடிவிடும். பள்ளிக்கூடத்தில் இதை மட்டும் கேட்டிருந்தால் நான் பத்தாவதே பாஸ்.

பிறகு சலீமின் அண்ணன் துபாயிலிருந்து அவனுக்கு ஒரு மெஷின் கொண்டுவந்தார், மணலுக்குள் உலோகம் இருந்தால் கத்துவது. நீளக் கம்பு, அடியில் தட்டு, காதுக்கு ஹெட்போன். ஈர மணலில் உப்புக்கே சும்மா சும்மா கத்தும். ஆனாலும் ஊர் சலீம் பின்னால் போனது.

"மெஷின்காரரே, டீ சாப்பிடுங்க!"

இருபது வருஷம் சல்லடை பிடித்த எனக்கு யாராவது ஒரு பேர் வைத்தார்களா? டீ வாசனை மட்டும் என் பக்கம் வந்தது.

அப்படி ஒரு மகத்தன்று, நெரவியிலிருந்து வந்த ஓர் அக்கா முழுகி எழுந்தபோது ஒரு காதில் தோடு இல்லை. என்னைத் தாண்டி அவனிடம் ஓடினார்.

"நாத்து நட்டு நட்டு வாங்குன தோடுண்ணே. எப்படியாவது எடுத்துக் குடுங்க."

சலீம் அத்தனை பேர் நடுவே என்னைப் பார்த்தான். "எங்க அரிச்சிருக்கு மாப்ள? நீதான் சொல்லணும்."

வடக்கு வளைவில் அரித்திருந்தது. எனக்குத் தெரியும். நான் தெற்கே கை காட்டினேன், மணல் ஏறிக்கொண்டிருந்த பக்கம். விடிந்ததும் நானே எடுத்து அந்த அக்கா கையில் கொடுக்க வேண்டும், ஊர் பார்க்க வேண்டும். அதுதான் என் ஆசை.

இருட்டும்வரை அவன் தெற்கே நடந்தான். அதற்குப் பிறகு காற்று நின்றுவிட்டது. விடிகாலையில் நான் போனபோது படியையே காணோம். முழங்கை ஆழத்துக்குப் புது மணல். மத்தியானம்வரை தோண்டினேன். கிடைத்தது சிப்பியும் ஒரு துருப்பிடித்த பூட்டும்.

சலீம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "எனக்காக இங்கயும் தோண்டிப் பாக்குறியாடா? நீ காட்டுன எடம் சரிதான் மாப்ள. இந்தச் சனியன் மெஷின்தான் ஒண்ணுக்கும் ஒதவல."

அதன்பின் அவன் அதைத் தொடவில்லை. வெட்கமாக இருக்கிறது, முதலில் எனக்குச் சந்தோஷம்தான். அடுத்த மகத்துக்கு அந்த அக்கா வந்தார், இரண்டு காதிலும் வேப்பங்குச்சியோடு. சலீம் அவரைக் கண்டதும் படகு மறைவில் ஒளிந்துகொண்டான். நான் ஒளிய வேண்டியிருக்கவில்லை. என்னை அவருக்கு யாரென்றே தெரியாது.

இப்போது வடக்கு வளைவில் கருங்கல் கொட்டிவிட்டார்கள். அலை அரிக்கவும் அங்கே மணல் இல்லை, மூடவும் இல்லை. சலீம் குவைத்தில் கடை வைத்திருக்கிறான். இன்று ஜும்மா முடிந்து போன் பண்ணினான்.

"அந்த அக்கா மகத்துக்கு வந்துச்சா மாப்ள?"

வருஷா வருஷம் கேட்பான்.

"வரலடா" என்றேன். வடக்கு வளைவைப் பற்றி இந்தத் தடவையும் சொல்லாமல் போனை வைத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

மாசி மகத்துக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை.