ரவிக்கை கொள்ளாத தோள்

விடியுமுன் எழுந்து எழுந்து என் கண்ணுக்குக் கீழே கருவளையம் சிங்கப்பூரில் பிஆர், அதாவது நிரந்தரவாச உரிமை, வாங்கிக் குடியேறிவிட்டது. மகளை ஈசூன் நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போய், பயிற்சி முடிந்ததும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ரயிலேறி புக்கிட் மேரா கிளினிக் கவுண்டரில் போய் உட்கார வேண்டும். வைத்தியத்துக்கு வருகிறவர்களே என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

பத்து வயதில் மகளுக்குக் குச்சி உடம்பு. கைகள் இரண்டும் விசிறியாய்ச் சுழலும். போட்டிக்குப் போட்டி நீந்தும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. களைப்பு அப்போதும் உண்டு, பதக்கத்தைப் பார்த்தால் மறந்துவிடும். வயதுக்கு வந்த பிறகு எல்லாம் நின்றுபோனது. உயரமானாள், இடுப்பு அகன்றது, எடை கூடியது, நேரம் மட்டும் அசையவில்லை. அவளைவிடச் சின்னப் பெண்கள் பக்கத்துத் தடத்தில் அவளைத் தாண்டிப் போனபோது எனக்கு வயிறு எரிந்தது.

"களியெல்லாம் ஒழுங்கா குடுத்தீங்களா அண்ணி? இடுப்புக்குப் பலம் வேணும்லா," என்றாள் நாத்தனார். சடங்கின்போது உளுந்தங்களியைப் பேருக்குக் கொடுத்து நிறுத்தியிருந்தோம். சரி, விட்டதைப் பிடிப்போம் என்று கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் மிதக்க மிதக்கக் கிண்டி, குளத்துக்குக் கிளம்பும் முன் ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தேன். பிள்ளை மறுக்காமல் தின்றாள். அந்த வாரமே குளக்கரையில் வாந்தி எடுத்தாள். அத்தனை பெற்றோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்ன கொடுத்தாய் என்று பயிற்சியாளர் கேட்டார். சீனப் பெண்மணி அவர். உளுந்தங்களியை விளக்கும் தெம்பு எனக்கில்லை. கஞ்சி என்று சொல்லி வைத்தேன்.

அன்றுதான் அவர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். இது சாப்பாட்டுக் குறை இல்லை. கைகால் நீண்டுவிட்டது, உடம்பு மிதக்கும் விதமே மாறிவிட்டது. சின்ன வயதில் கையை வேகமாகச் சுழற்றிச் சமாளித்தாள். இனிமேல் நிதானமாக வீசி, ஒவ்வொரு வீச்சிலும் நிறையத் தண்ணீரைப் பிடித்துத் தள்ளப் பழக வேண்டும். அதற்கான தோள்வலு இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிறது. பழைய பழக்கம் போய்ப் புதியது படியும்வரை நேரம் மோசமாகத்தான் இருக்கும். எவ்வளவு காலம் என்று கேட்டேன். சிலருக்கு ஒரு வருடம், சிலருக்கு மூன்றுகூட ஆகும் லா, என்றார் சாதாரணமாக. மூன்று வருடம் இப்படியே எழுந்திருப்பதை நினைத்ததும் எனக்கு அங்கேயே கொட்டாவி வந்தது.

உட்லண்ட்ஸில் நாத்தனாரின் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வந்தது. சில மாதங்களுக்கு முன் மகளுக்குத் தைத்த பட்டு ரவிக்கையைப் பிரித்து அகலமாக்கத் தேக்கா சந்தை மேல்மாடித் தையல்காரரிடம் போனோம். நாத்தனாரும் கூட வந்தாள். மகள் அதை எப்படியோ மாட்டிக்கொண்டு கையைத் தூக்கினாள். அக்குளில் தையல் பட்டென்று விட்டது.

"பிரிச்சு விட உள்ள துணி இல்லக்கா. புதுசாத்தான் தைக்கணும்," என்றார் தையல்காரர்.

"என்ன அண்ணி, தோளு ஆம்பளப் பசங்க மாதிரி ஆயிடுச்சு! நாளைக்கு சேலை கட்டினா நல்லாவா இருக்கும்?" என்றாள் நாத்தனார்.

வேறொரு நாளாக இருந்தால் அவளை ஒரு பிடி பிடித்திருப்பேன். அன்று அசதி. "சரி, இந்த மாசத்தோட ஸ்விம்மிங்க நிறுத்திடுவோம்," என்று சொல்லிவிட்டேன். மகள் கிழிந்த ரவிக்கையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். ரயிலேறி ஈசூன் வந்தோம்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே லிஃப்டுக்கு நின்றபோது நான்தான் ஆரம்பித்தேன். "நீயும் எவ்வளவு டயர்டா இருக்கே. டைமிங்கும் வரல. போதும்டி."

"நான் டயர்டா இல்லம்மா."

லிஃப்ட் திறந்தது. அவள் ஏறவில்லை.

"டைமிங் வரலன்னு எனக்குத் தெரியாதா? ஆனா இப்பதான் தண்ணி கையில பிடிபடுது. முன்னாடி சும்மா அடிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்கதான் டயர்டா இருக்கீங்க. நீங்க தூங்குங்க, நானே போயிக்கிறேன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இத்தனை வருடம் யாருக்காகடி எழுந்தேன் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தில் கோபமே இல்லை. என்மேல் பரிதாபப்பட்டுத்தான் சொல்லியிருக்கிறாள். லிஃப்ட் பொத்தானை மறுபடி அழுத்தினேன்.

மறுநாள் இருட்டிலேயே அவள் பையை எடுக்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்துவிடக் கூடாதென்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போய்ப் போட்டுக்கொண்டாள். கதவை மெல்லச் சாத்தினாள். பெருமையாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. பின்தங்கிவிட்டாளே என்று நான் புலம்பிக்கொண்டிருந்த பெண், என்னை வீட்டில் தூங்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் போய்விட்டாள்.