ஏழாவது போல்ட்

பட்டறையில் எல்லோருக்கும் அவள் மைக்ரான் அக்கா. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; பழைய வேலையிடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பிஸ்டன் செய்யும் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் பதினோரு வருடம் இருந்தாள். தலைமுடி அகலத்தில் பத்தில் ஒரு பங்கு கூடியிருந்தாலும் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிடுவாள். "என்னையும் அளந்து பாத்துட்டுத்தான் கல்யாணத்துக்கே சரின்னா" என்று பஸ் ஓட்டும் அவள் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

தொழிற்சாலையை மூடியதும் அண்ணன் தன் கார் பட்டறையில் ஒரு மூலையை ஒழித்து அவளுக்கு மேஜை போட்டுக் கொடுத்தான். "ஹெட் வேலை எல்லாம் இனிமே உன்னுது" என்றான். எஞ்சினின் மேல்பாகம்தான் ஹெட். வால்வுகள் அதற்குள்தான் ஏறி இறங்கும். கீழ்ப்பாகத்தோடு அது சேரும் இடத்தில், நடுவே கேஸ்கெட் என்ற மெல்லிய தகடு. அந்த இடத்தில் சின்னக் கோணல் இருந்தாலும் எஞ்சின் கொதித்துவிடும்.

அவள் மனதில் ஒரு முள் இருந்தது. நான்கு வருடம் முன்பு ஒரு வேனின் ஹெட்டில் சிறு பள்ளத்தைப் பார்த்தாள். "பசை தடவினா நிக்கும், விடு" என்றான் அண்ணன். விட்டுவிட்டாள். மூன்றாம் வாரம் அந்த வேன் வழியில் கொதித்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்த டிரைவரின் கை வெந்துபோனது. கட்டுப் போட்ட கையோடு பட்டறைக்கு வந்தவர், "என் தப்புதான்க்கா, சூட்டோட திறந்திருக்கக் கூடாது" என்று அவளிடமே சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்தப் பள்ளத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை மேஜைக்கு வந்தது சிஸ்டரின் காருடைய ஹெட். சிஸ்டர் என்றால் நர்ஸ். மலைக்கு அந்தப் பக்கம் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவர். இருபத்தைந்து வயதுக் கார் அது. ஏற்றத்தில் புகை கக்கி நின்றுவிட்டது. எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் விட்ட காப்பி போல இருந்தது. "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வண்டி உங்க கையில சிஸ்டர்" என்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தான். சனிக்கிழமை காலை அவர் மலையேறியாக வேண்டும்.

அவள் நேரான இரும்புப் பட்டையை ஹெட்டின் மேல் நிறுத்தி, அடியில் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தாள். நடுவில் வளைந்திருந்தது. சீவிச் சமன் செய்யலாம்தான். ஆனால் உயரத்தை அளந்தபோது கை நின்றது. இதற்குக் கீழே போகக்கூடாது என்ற அளவை ஹெட் ஏற்கெனவே தொட்டிருந்தது. யாரோ ஒரேயடியாகச் சீவித் தள்ளியிருக்கிறார்கள். சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தாள். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது வால்வின் ஓரத்திலிருந்து நூல் போல ஒரு சிவப்புக் கோடு மேலே எழும்பி வந்தது. விரிசல்.

"அண்ணா, போன வருஷம் நான் லீவுல இருந்தப்ப இத எவ்வளவு சீவின?"

அண்ணன் நிமிரவில்லை. "ஞாபகம் இல்ல. ஏன்?"

"இனிமே சீவ இடமில்ல. சீவினா வால்வு போய் பிஸ்டன்ல இடிக்கும். போதாததுக்கு விரிசல் வேற."

அவன் வந்து குனிந்து பார்த்தான். முகம் சுருங்கியது. "வெல்டிங் வெச்சிடலாம். தடிமனான கேஸ்கெட் ஒண்ணு போட்டா சரியாப் போயிடும்."

"மலையேறுற வண்டி அண்ணா. ஒத்தையில போற பொம்பள."

"வாக்குக் குடுத்தாச்சு. எல்லாத்தையும் தோண்டிக்கிட்டே இருந்தா தொழில் பண்ண முடியாது. நீ அளக்குற ஆளு. முடிவெடுக்குற ஆளு நான்."

மத்தியானம் சிஸ்டர் சாப்பாட்டு இடைவேளையில் எட்டிப் பார்த்தார். "எப்படிப் போகுதுக்கா வேலை?" என்று கேட்டார். அண்ணன் நாலடி தூரத்தில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தத் துணியின் அசைவு நின்றது.

"இந்த ஹெட் தேறாது சிஸ்டர். வேற ஹெட் தேடணும்."

"போன வருஷம்தானே சரி பண்ணீங்க? யார் இப்படிப் பண்ணது?"

"எங்க கடைதான்" என்றாள்.

சிஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சனிக்கிழமை எனக்காக ஒன்பது பேர் காத்திருப்பாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் துணியைத் தரையில் வீசிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

வியாழக்கிழமை அவன் வரவில்லை. அவள் இரும்புப் பட்டையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பழைய இரும்புக் கிடங்குக்குப் போனாள். அதே மாடலில் இரண்டு ஹெட் கிடந்தன. முதலாவது வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. இரண்டாவதைத் தரையில் மண்டியிட்டு நீளம், அகலம், குறுக்கு என்று ஆறு வாக்கிலும் அளந்தாள். மிக மெல்லிய தகடுகூட உள்ளே போகவில்லை. "நகைக் கடையில கூட இப்படிப் பாக்க மாட்டாங்கம்மா" என்றார் கிடங்குக்காரர்.

பட்டறைக்குக் கொண்டுவந்து கரியைக் கழுவி, சாயம் போட்டுப் பார்த்தாள். கோடு எதுவும் எழவில்லை. அப்போதுதான் மூச்சே சீராக வந்தது. தேய்ந்துபோன வால்வு சீல்களை மாற்றினாள். ஒவ்வொரு வால்வையும் அது உட்காரும் இடத்தில் சொரசொரப்பான தேய்ப்புப் பசை தடவி, வால்வில் ஒட்டிய குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டி உருட்டித் தேய்த்தாள். சாம்பல் நிற வளையம் ஒரே அகலத்தில் சுற்றிவர விழவேண்டும். எட்டும் முடித்து, கசிகிறதா என்று பார்க்க மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருந்தாள். ஆறாவது கசிந்தது. அதை மறுபடி தேய்த்தாள்.

சாயங்காலம் அண்ணி வந்து வாசலிலேயே நின்றாள். "உங்க அண்ணன் நேத்துலேர்ந்து யார்கிட்டயும் பேசல. வெளியாளு முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கணுமா?"

"உள்ளுக்குள்ள சொன்னேன் அண்ணி. காதுல போட்டுக்கல."

அண்ணியின் கண் அவள் கைகளுக்குப் போனது. கட்டைவிரல் அடியில் தோல் உரிந்திருந்தது. "மருந்தாவது போடு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அண்ணன் வந்தான். எஞ்சினில் போல்ட் இறங்கும் ஓட்டைகளை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து காற்றடித்தான். அவள் புதுக் கேஸ்கெட்டை வைத்ததும் ஹெட்டின் மறுமுனையைப் பிடித்தான். இருவரும் சேர்ந்து இறக்கினார்கள். ஒரு பக்கம் சாய்ந்தாலும் கேஸ்கெட் கீறிவிடும். சாயவில்லை.

பத்துப் போல்ட்டும் புதியவை. நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக முறுக்க வேண்டும். குறித்த அழுத்தம் வந்ததும் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும். அவள் வரிசையைச் சொன்னாள், அவன் முறுக்கினான். முதல் சுற்று முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. கடைசிச் சுற்றில் ஆறு போல்ட் டக் என்றன. ஏழாவதில் ரெஞ்ச் நகர்ந்தது. மேலும் நகர்ந்தது. சத்தம் வரவில்லை.

"நிறுத்து!"

அவன் கை அப்படியே நின்றது.

"பிடிக்கல அண்ணா. இழுபடுது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தா உள்ளயே முறிஞ்சிடும்."

வழக்கமாக அவன் அந்த ஒரு இழுப்பை இழுத்துப் பார்க்கிறவன். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு இறங்கி நின்றது. பிறகு மூச்சை விட்டு, ரெஞ்சைத் திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினான். போல்ட் முழுசாக வெளியே வந்தது. அவள் அளந்தாள். கழுத்து மெலிந்திருந்தது. புதிதாகவே சொத்தைப் போல்ட். எஞ்சினுக்குள் மரை நன்றாகவே இருந்தது.

மணி மூன்றரை. போல்ட்டை மட்டும் மாற்றினால் நாலரைக்கு வண்டி கிளம்பிவிடும். ஆனால் பாதி அழுந்திய கேஸ்கெட்டை நம்ப முடியாது. அதை எப்படிச் சொல்வது என்று அவள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். அண்ணன் சாவியை எடுத்தான்.

"இன்னொரு கேஸ்கெட்டும் போல்ட்டும் வாங்கிட்டு வரேன். நீ ஹெட்டக் கழட்டு."

நான்கு மணிக்குச் சிஸ்டர் வந்தபோது ஹெட் மறுபடி மேஜையில் இருந்தது. அவர் முகம் வாடிவிட்டது. பின்னாலேயே வந்து இறங்கிய அண்ணன் நேராக அவரிடம் போனான்.

"இன்னும் மூணு மணி நேரம் ஆகும் சிஸ்டர். என் வாக்கு தப்பிடுச்சு." வாங்கி வந்த பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டான். "போன வருஷம் அளவு பாக்காம அதிகமாச் சீவினது நான்தான். என் தங்கச்சி இருந்திருந்தா விட்டிருக்க மாட்டா."

சிஸ்டர் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி ஸ்டூலில் உட்கார்ந்தார். "இருக்கேன். முடிச்சிட்டே குடுங்க."

இந்த முறை பத்தும் டக் என்றன.

ஏழு மணிக்குச் சாவியைத் திருப்பினார்கள். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. இரண்டாம் தடவை ஒரு இருமல். மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டு கடகடவென்று ஆடியது. ஆயில் மேலே ஏற ஏற அந்தச் சத்தம் அடங்கியது. அவள் ரேடியேட்டர் வாயில் டார்ச் அடித்தபடி குனிந்து நின்றாள். முதலில் சில குமிழிகள் வந்தன; நிற்காமல் வந்தால் கேஸ்கெட் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அண்ணன் அவளைப் பார்த்தான். "உள்ள மாட்டியிருந்த காத்து. பொறு" என்றாள். தனக்கே சொல்லிக்கொண்டது போல இருந்தது. குமிழிகள் குறைந்து, நின்றன. சூடு ஏறி, மின்விசிறி தானாகச் சுற்றி, சூடு காட்டும் முள் நடுவில் நின்றது. அரைமணி நேரம் ஓடியும் தண்ணீர் மட்டம் இறங்கவேயில்லை.

சிஸ்டர் சனிக்கிழமை மலையேறினார். மத்தியானம் போன் வந்தது: "ஒன்பது பேரையும் பாத்தாச்சுக்கா. ஏத்தத்துல முள்ளு நகரவே இல்ல."

அண்ணனும் தங்கையும் அதைப் பற்றி உட்கார்ந்து பேசிக்கொள்ளவில்லை. ஒரு மாதம் வரை அவன் அவளிடம் அளந்துதான் பேசினான். ஆனால் எந்த வண்டிக்கும் நாள் குறிப்பதற்கு முன்பு, வந்தவரை நிற்கவைத்துவிட்டு அவள் மேஜைப் பக்கம் திரும்பிக் கேட்க ஆரம்பித்தான்: "என்னம்மா, எப்ப முடியும்?"

அந்த வேன் டிரைவரின் வீட்டை அவள் விசாரித்து வைத்திருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் நின்று, உட்காரச் சொல்லியும் உட்காராமல், அன்று அந்தப் பள்ளத்தைப் பார்த்தும் விட்டுவிட்டதைச் சொன்னாள். அவர் வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே திரும்பி, மனைவியிடம் இரண்டு நாற்காலி எடுத்துவரச் சொன்னார்.