பத்து முறை எழுதிய நுழைவுத் தேர்வு

எவாஞ்சலின் டாம்பிலோ டிவினாகிராசியா, 1968–2017. ரோஹாஸ் நகரின் மருத்துவமனை ஒன்றில், ஆய்வகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் இரத்தம் எடுத்தவர். எவா என்று அழைப்போம்.

எங்கள் நாட்டில் மருத்துவக் கல்லூரியில் சேர முதலில் நான்காண்டுப் பட்டம் ஒன்று வேண்டும். எந்தப் பட்டம் என்பது அவரவர் தேர்வு. 1985 ஜூன் மாதம் இலோய்லோ நகரில் பட்டப்படிப்புச் சேர்க்கை வரிசையில் நின்றபோது, எவா விண்ணப்பத்தில் விலங்கியல் என்று எழுதியிருந்தார். உடன் வந்த அத்தை நெனிதா எட்டிப் பார்த்தார்.

"விலங்கியலா? நாலு வருஷம் படிச்சிட்டு யாருக்கு வைத்தியம், தவளைக்கா?"

"முடிச்சதும் நேரா மருத்துவத்துக்குப் போயிடுவேன், அத்தை."

"போகலேன்னா?"

"போவேன்."

"போகலேன்னான்னு கேக்குறேன். லேப் படிப்பு எடு. அதுக்கு லைசென்ஸ் உண்டு. டாக்டர் ஆகலேன்னாலும் சோத்துக்கு வழி இருக்கும். ரப்பர் வச்சிருக்கியா?"

ரப்பர் இருந்தது. எவா அழித்துவிட்டு மாற்றி எழுதினார். பின்னால் நின்ற பள்ளித்தோழி பெர்லிட்டா சும்பாகன் தன் தாளில் விலங்கியலை அப்படியே விட்டுவைத்தார். "என்கூட அத்தை யாரும் வரலப்பா" என்றார்.

1989இல் எவா பட்டமும் உரிமமும் பெற்று வேலையில் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதினார். நல்ல மதிப்பெண் வந்தது, இடமும் கிடைத்தது. ஆய்வகத் தலைவி மகப்பேறு விடுப்பில் செல்லவிருந்த நேரம் அது. "ஒரு வருஷம் பொறுத்துக்கோ எவா. லைசென்ஸ் உள்ள ஆளு வேற யாரு இருக்கா?" எவா பொறுத்துக்கொண்டார். மறு ஆண்டு வீட்டுக் கூரையைப் புயல் கொண்டுபோயிற்று. அதற்கடுத்த ஆண்டுக்குக் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை.

அத்தேர்வின் மதிப்பெண் இரண்டாண்டுகளுக்கே செல்லும். ஆகவே இரண்டாண்டுக்கு ஒரு முறை, டிசம்பர் ஞாயிறு ஒன்றில், எவா முதல் பேருந்தில் இலோய்லோ சென்று தேர்வு எழுதி, மாலையில் திரும்பினார். கல்லூரிக்கு விண்ணப்பம் மட்டும் போடவில்லை. வீட்டிலும் யாரும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

1996இல் பெர்லிட்டா அதே மருத்துவமனைக்கு மருத்துவராக வந்தார். உணவறையில் எதிரே அமர்ந்தார்.

"நீ எப்பத்தான்டி போகப்போற?"

"மதிப்பெண் இருக்கு. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"எனக்கு வேற போக்கிடம் இல்ல, அதான் போனேன். தவளை அறுக்குறதுக்கு எவன் சம்பளம் குடுப்பான்?"

எவா உலர்மீனின் முள்ளை ஒதுக்கிவிட்டுச் சோற்றை உண்டு முடித்தார்.

2008 பிப்ரவரியில் பெர்லிட்டா விண்ணப்பப் படிவத்தைத் தாமே வாங்கி வந்து, பரிந்துரைக் கடிதத்தையும் இணைத்து, எதிரில் உட்கார்ந்து கையெழுத்து வாங்கினார். எவாவுக்கு அப்போது வயது நாற்பது. நேர்காணலுக்கு அழைப்பு வந்தது, சென்றார். மேசைக்கு அப்புறம் மூவர் இருந்தனர்.

"பத்து தடவை எழுதியிருக்கீங்க. ஒரு தடவையும் சேரல. ஏம்மா?"

"மதிப்பெண் செல்லாமப் போயிடக் கூடாதுன்னு எழுதினேன், சார்."

"சேர்றதுக்காக இல்லியா?"

"முதல் தடவை அதுக்காகத்தான்."

இருந்தும் இடம் கொடுத்தார்கள். மே 16ஆம் தேதிக்குள் ஒப்புதல் தெரிவிக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை காலை பெர்லிட்டா ஆய்வகக் கதவருகே வந்து நின்றார்.

"அனுப்பிட்டியா?"

"இல்ல."

"இன்னும் நேரம் இருக்கு. நான் வேணா ஃபோன் பண்ணட்டா?"

"வேண்டாம் பெர்லி. வெளியில ஆளு நிக்குது."

அன்று எவா முப்பத்தெட்டுப் பேருக்கு இரத்தம் எடுத்தார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் அதே மேசையில் பணியாற்றினார். 2009 டிசம்பரில் மதிப்பெண் காலாவதியானது. அவர் மீண்டும் பதிவு செய்துகொள்ளவில்லை. அத்தேர்வை அவர் கடைசியாக எழுதியது 2007 டிசம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை.