திருகுக்குப் பொட்டு

அறுந்த நூலின் நுனியைத்தான் ஜெயக்கொடி முதலில் கேட்பாள். எம்பிராய்டரி மிஷின் மக்கர் பண்ணுகிறது என்று ஃபோன் வந்து, சேலையூரிலிருந்து ஸ்கூட்டியை விரட்டி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கை நீண்டுவிடும். "அந்த நூலு எங்க? எடு, பாக்கலாம்." பெரும்பாலும் அதைக் கூட்டித் தள்ளியிருப்பார்கள். குப்பைத் தொட்டியைக் கிளறியாவது எடுத்துவரச் சொல்வாள். கிடைத்ததை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். நுனி துடைப்பம்போலப் பிரிந்திருந்தால் ஊசியில் கோளாறு. ஒரே வெட்டாக அறுந்திருந்தால் இழுவை அதிகம், இல்லையென்றால் நூலே சரியில்லை. இது முடியும்வரை மிஷின் பக்கம் அவள் திரும்புவதில்லை.

வயது நாற்பத்தேழு. எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள். அங்கே மெக்கானிக் டீ குடித்துவிட்டு வந்து சேர்வதற்குள் மிஷினைத் தானே ஓடவிட்டுக்கொள்ளப் பழகினாள். பழகிய கை சும்மா இருக்குமா? இப்போது பம்மல் முதல் கூடுவாஞ்சேரிவரை பள்ளிக்கூட பேட்ஜ், சர்ச் பாடகர் அங்கி, பொத்தேரி காலேஜ் பிள்ளைகளின் டி-ஷர்ட் என்று தைக்கிற சின்னச் சின்ன ஷெட்டுகள் எல்லாம் அவள் நம்பரை வைத்திருக்கின்றன. புது இடமென்றால், அவளைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்து, "மெக்கானிக் வரலியாம்மா?" என்பார்கள். "வந்தாச்சு, டீ சொல்லுங்க" என்று பையை இறக்கிவைப்பாள்.

அவள் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. நூலை முழுக்க உருவி முதலிலிருந்து கோப்பாள். ஊசியை மாற்றுவாள். அடிநூல் இருக்கும் பாபின் கேஸைக் கழற்றி, பஞ்சை ஊதித் தள்ளி, அதன் நூலிலேயே அதைத் தொங்கவிட்டு மணிக்கட்டை லேசாகச் சுண்டுவாள். இரண்டு விரற்கடை இறங்கி நின்றால் சரி. சரசரவென்று கீழே ஓடினால் லூஸ். அசையவே அசையாவிட்டால் டைட். இவ்வளவும் பார்த்தபின், கடைசியாகத்தான் மேல்நூலின் இழுவையைக் கூட்டிக் குறைக்கிற டென்ஷன் திருகு.

ஊர் உலகமோ நேர் எதிர். நூல் அறுந்த மறுநிமிஷம் கை திருகுக்குத்தான் போகும். "புள்ள அழுதா இன்னாத்துக்கு அழுவுதுன்னு பாக்கமாட்டாங்க, முதுகுல ஒண்ணு வெப்பாங்க பாரு, அந்தக் கதைதான்" என்பாள் ஜெயக்கொடி. ஒருவர் இப்படித் திருக, இன்னொருவர் அப்படித் திருக, கடைசியில் எது சரியான இடம் என்று மிஷினுக்கே மறந்துபோகும். அதற்குத்தான் அவள் பொட்டு வைக்கிறாள்.

பொட்டு என்றால் சிவப்பு நெயில் பாலிஷ். வேலை முடிந்ததும், உடைந்த ஊசி நுனியால் தொட்டு, திருகிலும் அதையொட்டிய தகட்டிலும் சேர்ந்தாற்போல மயிரிழைக் கோடு ஒன்று இழுப்பாள். திருகு நகர்ந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து நிற்கும். அது எங்கே இருக்கிறதென்று அவளுக்குத்தான் தெரியும், அவள் கண்ணுக்குத்தான் படும். அவளுடைய நகங்கள் ஒட்ட வெட்டி, எண்ணெய்க் கறையோடு இருக்கும். அந்த பாட்டிலை மட்டும் யாரிடமும் கொடுக்கமாட்டாள். மகள் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளக் கேட்டபோது, கடைக்குப் போய் அதே சிவப்பில் வேறொன்று வாங்கித் தந்தாளே தவிர இதைத் தரவில்லை. "பொட்டு பொய் சொல்லாது" என்பது அவள் வாய்ப்பாடு. முதலாளிகள் அவளைக் கூப்பிடுவதில் பாதி அந்த வார்த்தைக்காகத்தான்.

அந்த வார்த்தையே ஒருநாள் அவளைக் குத்தியது. கூடுவாஞ்சேரி ஷெட் ஒன்றில் பிரிந்த கோட்டைக் காட்டி, "தோ, திருகிக்கீறாங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். ஆபரேட்டர் பெண்ணை அங்கேயே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்து அந்தப் பெண் ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டில் எதிரே வந்தாள். "அக்கா, நல்லாக்கீறீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனாள். இரண்டு திட்டு திட்டியிருந்தால்கூட ஜெயக்கொடிக்கு ஆறியிருக்கும். அந்தச் சிரிப்பு ஆறவில்லை.

போன மாதம் பம்மலில் சிட்டிபாபுவின் ஷெட்டுக்குப் போனாள். அப்பா நெல் போட்ட இடத்தில் ஆறு ஹெட் மிஷின் போட்டிருப்பவர் சிட்டிபாபு. ஆறு தலைகள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் ஆறு பேட்ஜ் தைக்கும். பள்ளிக்கூட ஆர்டர், மெரூன் எழுத்து. இரண்டு நாளாக நூல் அறுந்து அறுந்து, எண்பது பேட்ஜ் பாழ்.

"ஜெயா, இது நூலு விஷயமே இல்ல" என்றார் வாசலிலேயே. "திருகுல கை வெச்சிக்கீறாங்க. எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியல. நீ உன் பொட்டப் பாத்து ஒரு வார்த்த சொல்லிடு. கை வெச்சது நிஜம்னா கீதா நாளையிலருந்து வரவேணாம். திருகத் தொடக்கூடாதுன்னு சேந்த மொத நாளே சொல்லிக்கீறேன்."

மிஷினை ஓட்டுகிற கீதா ஜன்னலோரம் நின்று, ஏற்கெனவே நூல் வெட்டி முடித்த பேட்ஜிலேயே கத்தரியை ஓட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு. மூன்று மணிக்கு ஓடிப்போய் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து விட்டுவிட்டு வரலாம் என்று அனுமதித்த வேலை இது ஒன்றுதான். "நான் தொடலண்ணா" என்றாள். குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

ஜெயக்கொடி ஒரு பேட்ஜை எடுத்தாள். எழுத்தெல்லாம் எண்ணெய் காணாத தலைபோல வளையம் வளையமாகச் சிலிர்த்து நின்றது. பின்பக்கம் திருப்பினாள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு தெரியவேண்டிய வெள்ளை அடிநூல் மருந்துக்கும் இல்லை. மேல்நூலை யாரோ தளர்த்தியிருக்கிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் குனிந்து பார்த்தாள். ஆறு தலையிலும் மெரூன் ஓடுகிற மூன்றாவது ஊசியின் திருகில் கோடு பிரிந்து கிடந்தது.

அதைவிட ஒன்று அவள் மனத்தைப் பிசைந்தது. ஆறும் சரியாக அரைச் சுற்று. பயத்தில் கை போன போக்கில் திருகியவள் இப்படிச் செய்யமாட்டாள். அப்புறம் பழையபடி வைத்துவிடலாம் என்று சுற்றை எண்ணி எண்ணித் திருகியவள்தான் செய்வாள்.

"அந்த நூலு எங்க?" என்றாள் ஜெயக்கொடி, வழக்கம்போல.

கீதா அலமாரியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். அறுந்த நுனிகள் ஒன்றுவிடாமல் அதில் இருந்தன. "போன தபா வந்தப்ப நீங்க கேட்டீங்கக்கா. அதான் எடுத்து வெச்சேன்."

ஜெயக்கொடி அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். நுனிகள் எல்லாம் ஒரே வெட்டு. மெரூன் கண்டிலிருந்து ஒரு முழம் உருவி இரு விரலில் சுற்றி இழுத்தாள். பட்டென்று போயிற்று. பக்கத்து நீலக் கண்டில் அதையே செய்தாள். விரலில் பள்ளம் விழுந்ததே தவிர நூல் போகவில்லை. மெரூன் கண்டைத் திருப்பினாள். ஒரு பக்கம் வெளுத்து, ரோஸ் நிறமாக இருந்தது.

"இத வெயில்ல வெச்சது யாருண்ணா?"

சிட்டிபாபு மேற்கு ஜன்னலைப் பார்த்தார். அங்கே கலர் கலராக இன்னும் நாலைந்து கண்டுகள் அடுக்கியிருந்தன. "நான்தான்" என்றார். "ஆர்டர் குடுக்க வர்றவங்க கண்ணுல படட்டும்னு வெச்சேன். பாக்க லட்சணமா கீதுல்ல?"

"லட்சணமாத்தான் கீது. நூலு செத்துப் போச்சு. ஷீட்டுக் கூரைச் சூடு, மேக்கால வெயிலு. எந்தத் திருகத் திருப்பினாலும் இது நிக்காது."

பெட்டி பிரிக்காத புது நூல் உள்ளே இருந்தது. ஆறு தலைக்கும் கோத்து, ஒவ்வொரு நூலையும் கையால் இழுத்துப் பார்த்துப் பார்த்துத் திருகை வைத்தாள். மிஷின் ஓடிற்று. ஒரு பேட்ஜ், இரண்டாவது, மூன்றாவது. நூல் அறுந்துபோகவில்லை. பின்பக்கம் திருப்பினால் நடுவே வெள்ளை ஒழுங்காக ஓடியது.

சிட்டிபாபு ஒத்துக்கொள்கிற மனுஷர்தான், ஆனால் விடுகிற மனுஷர் இல்லை. "நூலு என் தப்பு, சரி. திருகு? பொட்டு இன்னா சொல்லுது?"

ஜெயக்கொடி மிஷினை நிறுத்தினாள். அவள் பிழைப்பே அவள் வாக்குதான். அது ஒருமுறை பிசகினால் பம்மல் முழுக்கப் பரவ அரைநாள் போதும். கீதா கத்தரியை மேஜைமேல் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பையிலிருந்து பஞ்சை எடுத்தாள் ஜெயக்கொடி. தின்னரில் நனைத்து, முதல் தலையின் கோட்டைத் துடைத்தாள். பிறகு இரண்டாவது. நிதானமாக ஆறையும் துடைத்தாள். பஞ்சு சிவப்பாயிற்று.

"புது நூலுக்குப் புது இடம்ணா. பழச வெச்சிக்கினு இன்னா பண்றது."

சிட்டிபாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த திருகுகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "டீ சொல்லிட்டு வரேன்" என்று வெளியே போனார்.

ஜெயக்கொடி ஊசி நுனியால் தொட்டு ஐந்து கோடுகள் இழுத்தாள். ஆறாவது தலையின் முன் வந்ததும் நிறுத்தி, சிவப்பு பாட்டிலை கீதாவின் உள்ளங்கையில் வைத்தாள்.