மார்ச் மாதப் பாடம்: என் வீடு

நான் போட்ட பாடத் திட்டத்தைப் பார்த்தால் எவரும் மெச்சுவார்கள். சி.ஆர். கொப்பி ஒன்றில் சிவப்புப் பேனாவால் கட்டம் போட்டு, ஜனவரியில் கோடும் வட்டமும், பெப்ரவரியில் நிறங்கள், மார்ச்சில் 'என் வீடு', ஏப்ரலில் பண்டிகை என்று டிசம்பர் வரைக்கும் எழுதி வைத்திருந்தேன். ஆறு வருஷம் தோட்டத்து நர்சரியில் டீச்சராக இருந்தவள் நான். மற்றவர்களின் பிள்ளைகளுக்கு எழுதியதைவிட என் மகளுக்கு எழுதியது ஒரு படி மேலேதான் இருந்தது. இருக்காதா பின்னே!

ஆனால் நர்சரி டீச்சரே தன் நாலு வயதுப் பிள்ளையை நர்சரிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிப்பித்தது ஏன் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இப்போது சொல்கிறேன். நர்சரி இடாப்பில் பிள்ளையின் பெயருக்கு நேரே விலாசம் எழுத வேண்டும். பலாபத்வலைக்கு மேலே ரப்பர் தோட்டம், தொழிலாளர் வரிசை வீடுகளில் இன்ன லயம், அதில் இன்ன காம்பரா என்று எழுத வேண்டும். அது எந்தக் காகிதத்திலும் ஏறக் கூடாது. ஏனென்றால் காகிதத்தில் நாங்கள் மாத்தளை டவுனில் குடியிருந்தோம்.

டவுனில் என் கணவரின் அக்கா வீடு இருக்கிறது. அங்கிருந்து பெரிய ஸ்கூலுக்கு ஐந்து நிமிஷ நடை. முதலாம் வகுப்புக்கு இடம் வேண்டுமென்றால் வீடு ஸ்கூலுக்குக் கிட்ட இருக்க வேண்டும், அந்த விலாசத்தில் வருஷக்கணக்காக வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்க வேண்டும். அதற்காக எத்தனையோ பேர் செய்கிற தில்லுமுல்லுதான். மகள் பிறந்த வருஷமே நாத்தனார் வீட்டு விலாசத்தில் எங்கள் இருவர் பெயரையும் பதிந்துவிட்டோம். பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்கு முன்னாலேயே விலாசம் வைத்தவர்கள் நாங்கள்.

தோட்டத்து ஸ்கூலில் என்ன குறை என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். நான் அங்கே படித்தவள். மூன்று வகுப்புக்கு ஒரு டீச்சர். மழை பெய்தால் தகரத்துச் சத்தத்தில் அவர் வாயசைவதுதான் தெரியும். ஐந்தாம் வகுப்போடு அதுவும் முடிந்துவிடும். என் மகள் டாக்டராக வேண்டாம், என்ஜினியராக வேண்டாம், ஒரு நல்ல ஸ்கூல் வாசலை மிதிக்கட்டும் என்று நினைத்தேன். அந்த ஆசை தப்பென்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

வீட்டுப் பாடம் தொடங்குவதற்கு முந்தின டிசம்பரோடு நர்சரி வேலையை விட்டேன். லயத்தில் சும்மா இருப்பார்களா? "டீச்சரம்மா மகளுக்கு நம்ம புள்ளைங்களோட ஒக்காந்தா என்னமோ ஒட்டிக்குமாம்" என்று பக்கத்துக் காம்பராக்காரி பைப்படியில் என் காதில் விழும்படியே சொன்னாள். சண்டைக்குப் போகவில்லை. அவள் சொன்னதில் பாதி உண்மை என்று எனக்குத் தெரியும்.

தினமும் காலை எட்டு மணிக்குப் பாயை விரித்து மகளை உட்கார வைப்பேன். வெளியே பிள்ளைகள் கத்தி விளையாடுகிற சத்தம் கேட்டால் அவளுக்குக் கால் தரிக்காது. "ஒக்காருடி. லயத்துப் புள்ளைங்க மாதிரி ஓடாத" என்பேன். சட்டையில் மூக்கைத் துடைத்தால், "ச்சீ! லயத்துப் புள்ளையா நீ?" என்பேன். லயத்துக் காம்பராவுக்குள் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன். என் வாய்க்குக் கொஞ்சமும் கூசவில்லை.

தினமும் கடைசிப் பாடம் கொப்பியில் எழுதாத பாடம்.

"ஒங்க வீடு எங்க?"

"மாத்தளை டவுன்ல."

"லயத்துல யாரத் தெரியும்?"

"அங்க எங்களுக்கு யாரையும் தெரியாது."

தடுமாறாமல் சொன்னால் ஒரு கிரீம் பிஸ்கட். சொல்லி முடித்த கையோடு கையை நீட்டிவிடுவாள், கள்ளி.

அவள் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். ஒரு நாள் வேலை முடிந்து வந்து, கையில் ஒட்டியிருந்த ரப்பர் பாலை உரித்துக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அவ்வளவெல்லாம் சொல்லிக் குடுக்கணுமா? சின்னப் புள்ளதான" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. ஒங்களுக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன்.

அவர் திரும்பவும் ரப்பர் பாலை உரிக்கத் தொடங்கினார். அவர் எப்போதும் அப்படித்தான், நான் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

மார்ச்சில் 'என் வீடு' வந்தது. திட்டப்படி பிள்ளை தன் வீட்டைப் பார்த்து வரைய வேண்டும். வாசலில் உட்கார வைத்து பெஸ்டல் கலர்களைக் கொடுத்தேன். நீளமாக ஒரு கூரை, அதற்குக் கீழே ஆறு கதவு. எங்கள் கதவுக்கு மட்டும் நீலம், தீபாவளிக்கு அவள் அப்பா பூசிய நீலம். கதவுக்கு முன்னால் வாளியோடு ஓர் ஆள். வாளிக்குள் வெள்ளை பெஸ்டலை அழுத்தித் தேய்த்திருந்தாள். டீச்சர் புத்தி விடுமா? நட்சத்திரம் போட்டுத் தேதியும் போட்டேன். அவர் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னவிட வாளி பெருசா இருக்கே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இரண்டு நாளைக்கு அதே சிரிப்புத்தான்.

விண்ணப்பம் போட்டு, நேர்முகப் பரீட்சையும் முடிந்தது. இனி ஸ்கூலிலிருந்து வீடு பார்க்க வருவார்கள், எந்த நாள் என்று சொல்ல மாட்டார்கள். பாய் தலையணையோடு நாத்தனார் வீட்டுக்கே போய்விட்டோம். என் கணவர் மட்டும் காலையில் பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்புவார்.

"செவரெல்லாம் வெறிச்சுன்னு கெடக்கு. புள்ள இருக்குற வீடுன்னு தெரிய வேணாமா? அவ வரைஞ்சதெல்லாம் எடுத்து ஒட்டு" என்றார் நாத்தனார்.

ஒட்டினேன். நட்சத்திரம் வாங்கியதையெல்லாம் பொறுக்கியெடுத்து வரிசையாக ஒட்டினேன். ஒரு வருஷத்து உழைப்பு, வருகிறவர்கள் பார்க்கட்டுமே என்ற திமிர். எதை ஒட்டுகிறோம் என்று ஒரு நிமிஷம் நின்று பார்க்கவில்லை. பொய் சொல்கிறவளுக்கு இருக்க வேண்டிய கவனம் அந்த நேரத்தில் எனக்கு இல்லை.

ஒரு பின்னேரம் ஸ்கூலின் உப அதிபரும் இரண்டு டீச்சர்மாரும் வந்தார்கள். என் கணவர் அப்போதுதான் குளித்து, அயர்ன் பண்ணிய சட்டை போட்டிருந்தார். கட்டிலைப் பார்த்தார்கள், அலுமாரியைத் திறந்து பிள்ளையின் உடுப்பைப் பார்த்தார்கள். வயது குறைந்த டீச்சர் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"அழகா வரைஞ்சிருக்கீங்களே மகள்! இது யாரு வீடு?"

அப்போதுதான் நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். மேலே என் கையெழுத்தில் 'என் வீடு' என்று எழுதாதது ஒன்றுதான் மிச்சம்.

மகள் பயப்படவே இல்லை. "லயத்து ஆளுங்க வீடு" என்றாள்.

"நீங்க அங்கயா இருக்கீங்க?"

"இல்ல. எங்க வீடு இதுதான். அங்க எங்களுக்கு யாரையும் தெரியாது."

"அப்ப வாளியோட நிக்கிறது யாரு?"

அவள் அப்பா தேநீர்த் தட்டோடு பக்கத்தில்தான் நின்றார். மகள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. நான் என்ன கண்ணால் அவளைப் பார்த்தேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"அது ஒரு லயத்து ஆளு" என்றாள். கொஞ்சம் யோசித்து, "ச்சீ" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அது என்னுடைய ச்சீ. அதே மூக்குச் சுளிப்பு, அதே இழுப்பு. டீச்சர் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். "டீ எடுங்க மிஸ்" என்று அவள் அப்பா தட்டை நீட்டினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவர்கள் படியிறங்கியதும் நாத்தனார் மகளை அள்ளித் தூக்கி முத்தம் கொடுத்தார். நான் போய்ச் சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கிழித்தெடுத்தேன். நீலக் கதவு பசையோடு சுவரிலேயே ஒட்டிக்கொண்டது.

பட்டியலில் மகளின் பெயர் வந்தது. சந்தோஷப்பட்டேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்! அவள் அப்பாதான் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஏதாவது செய்திருப்பேன்.

ஸ்கூல் தொடங்குகிற நாளுக்கு இருவருமாகக் கூட்டிப் போவதாகத்தான் பேச்சு. வீடு பார்த்து முடிந்ததும் லயத்துக்கே திரும்பியிருந்தோம்; முந்தின நாளே அவருடைய சட்டையை அயர்ன் பண்ணி வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் இடுப்பில் கட்டிய சாரத்தோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன இன்னும் ஒக்காந்திருக்கீங்க? பஸ் போயிரும்" என்றேன்.

"நீயே கூட்டிட்டுப் போ."

"லீவு சொல்லிட்டீங்கல்ல?"

"ஸ்கூல் வாசல்ல யாராச்சும் என்னப் பாத்து, இது யாருன்னு கேட்டா? புள்ள என்ன சொல்லும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

மகள் வெள்ளை யூனிஃபார்மும் புதுச் சப்பாத்துமாக நீலக் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். கேள்வி தன்னிடம்தான் என்று நினைத்துவிட்டாள்.

"யாரையும் தெரியாதுன்னு சொல்லிருவேன்ப்பா" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.