ரிம்மில் எழுதிய தேதி

பஞ்சர் கடைக்காரன் என்றாலே ஊருக்கு ஒரு சந்தேகம் உண்டு. ரோட்டில் ஆணியைப் போடுவதும் அவனே, பிடுங்கிக் காசு வாங்குவதும் அவனே என்று. கடத்தூரிலிருந்து பொம்மிடி போகிற ரோட்டில் கடை வைத்திருக்கும் சவுரியப்பனையும் ஆரம்பத்தில் அப்படித்தான் பேசினார்கள். அவன் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. டயரில் ஏறிய ஆணியைக் குறடால் பிடுங்கி, துணியில் துடைத்து, வண்டிக்காரரின் உள்ளங்கையில் வைப்பான்.

"இதாங்க உங்க ஆணி. பந்தல் போட்ட இடத்துல ஏறியிருக்குது. கல்யாணத்துக்குப் போனீங்களா?"

வண்டிக்காரர் ஆமாம் என்பார், சிரித்துவிடுவார். சோபா ஆணியா, லாட ஆணியா, பந்தல் ஆணியா என்று பார்த்ததும் சொல்லிவிடுவான். இருபது வருஷமாக இப்படி ஊரின் உள்ளங்கையில் ஆணி வைத்து வைத்தே நல்ல பேர் வாங்கியவன். எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தமிழ்மணியாகிய நான் கோபக்காரன். மெஷின் ஒரு பேப்பரை மென்றால்கூட யாரையாவது திட்டினால்தான் எனக்கு மனசு ஆறும். எனக்கு அவனுடைய பொறுமையைப் பார்த்தால் பாதி ஆச்சரியம், பாதி எரிச்சல்.

டியூப் இல்லாத டயர்கள் வந்தன. பின்னாலேயே சீலன்ட் என்று பாட்டிலில் ஒரு பச்சைத் திரவமும் வந்தது. வால்வ் வழியாக ஊற்றிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் டயருக்குள் பரவிக்கொள்ளும். ஆணி குத்தினால் வெளியே போகிற காற்றோடு சேர்ந்து ஓடி ஓட்டையை அடைத்துவிடும். ஓட்டுகிறவருக்கு ஆணி ஏறியதே தெரியாது. சவுரியப்பன் அதையும் வாங்கி ஊற்ற ஆரம்பித்தான்.

"உன் பொழப்புல நீயே மண்ணள்ளிப் போட்டுக்கறியா?" என்று கேட்டேன்.

"வத்தல்மலை ஏறுறவங்களுக்கு நடுக்காட்டுல பஞ்சர் ஆனா யாருடா போவா, நீ போவியா?" என்றான்.

ஆனால் சும்மா ஊற்றிவிட மாட்டான். டயரைக் கழற்றி, இருக்கிற ஆணியையெல்லாம் பிடுங்கி ஒட்டிய பிறகுதான் பாட்டிலைத் திறப்பான். டயரின் பக்கவாட்டில் வெட்டு இருந்தால் தொடவே மாட்டான். அங்கே சீலன்ட் நிற்காது, புது டயர் போடுங்க என்று திருப்பி அனுப்பிவிடுவான். வேலை முடிந்ததும் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ரிம்மில் 'ச' என்று எழுதி, பக்கத்தில் தேதியைப் போடுவான். ஒரு வருஷத்தில் அது காய்ந்துபோகும், மறுபடி வரவேண்டும் என்பதற்காக. நாளடைவில் அந்த மஞ்சள் எழுத்துக்கே ஒரு மதிப்பு வந்துவிட்டது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் குனிந்து முதலில் ரிம்மைத்தான் பார்த்தார்கள்.

பழைய வண்டி வியாபாரம் அவனுடைய பக்கத்துக் கடை அருள்குமாருடையது. இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்று. மத்தியானம் ஒரே டிபன் பாக்ஸ். சவுரியப்பன் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, விற்க வைத்திருந்த வண்டியிலேயே தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அருள்குமார். நானும்தான் இருபது வருஷமாக எதிரில் இருக்கிறேன். அந்த டிபன் பாக்ஸைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது என்பதை ஒளிப்பானேன்.

ஆகஸ்ட் கடைசியில் சவுரியப்பன் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடப்பான். போக மட்டும் பன்னிரண்டு நாள். போன வருஷம் கிளம்பும்போது கடைச் சாவியை அருள்குமாரிடம் கொடுத்தான்.

"காத்துப் பிடிக்க வர்றவங்கள திருப்பி அனுப்பாதடா. கம்ப்ரஸரைப் போட்டுப் பிடிச்சு வுடு. வேற வேலை நான் வந்து பாத்துக்கறேன்."

"நீ போயிட்டு வா மச்சான். நான் இருக்கறேன்ல?"

நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வந்திருந்தால் நானா வாயை மூடிக்கொண்டு இருப்பேன்?

நவம்பரில் ஒரு காலை, வத்தல்மலையிலிருந்து குள்ளன் வந்தார். மலையில் சாமை, ராகி போடுகிறவர். அவருடைய பழைய மொபெட்டுக்கு எத்தனையோ தடவை சவுரியப்பன் பஞ்சர் ஒட்டியிருக்கிறான். அன்றைக்கு மொபெட் இல்லை. பஸ்ஸில் வந்து இறங்கி, தோளில் இருந்த சாக்கைக் கடை முன்னால் இறக்கினார். உள்ளே ஒரு ஸ்கூட்டர் சக்கரம் இருந்தது.

"கடைக்காரரே, இது உங்க எழுத்துங்களா?"

ரிம்மில் மஞ்சளாக 'ச' இருந்தது. சவுரியப்பன் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமாங்க. என்னாச்சுங்க?" என்றான்.

குள்ளனின் மகள் சந்தியா தர்மபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். தினம் இறங்கி ஏறுவதற்காக அருள்குமாரிடம் ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். முந்தின வாரம் கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது பின் டயரில் காற்று ஒரே மூச்சாகப் போய்விட்டது. வண்டியோடு விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். ஊசி பிடிக்கிற கை. பழையபடி விரல் மடங்குமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை.

சவுரியப்பன் டயரைக் கழற்றினான். பச்சைத் திரவம் தரையில் ஓடியது. அதற்குள் ஆணிகள், பிடுங்காமல் அப்படியே நின்றன. ஏழு. பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. இப்படி ஒரு டயரை அவன் கையால் தொட்டிருக்கவே மாட்டான் என்பது எனக்குத் தெரியும். குள்ளனுக்கு எப்படித் தெரியும்?

நான் ரோட்டைத் தாண்டி வந்து ரிம்மைத் துடைத்தேன். எழுத்துக்குப் பக்கத்தில் தேதி, செப்டம்பர் இரண்டு.

"டேய், அன்னைக்கி நீ தஞ்சாவூர்ப் பக்கம் நடந்துட்டு இருந்த! கால் கொப்புளத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினியே!" என்று கத்தினேன். போனை எடுத்துக் குள்ளனின் முகத்துக்கு நேரே நீட்டினேன். படத்தில் தேதி இருந்தது. வழக்கையே ஜெயித்துவிட்ட மாதிரி எனக்கு மூச்சு வாங்கியது.

குள்ளன் படத்தைப் பார்த்தார். என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. சவுரியப்பனிடம்தான் பேசினார்.

"நான் தேதியப் பாத்து வண்டி வாங்கலீங்க. உங்க எழுத்தப் பாத்துத்தான் வாங்குனேன். சாவிய யாருகிட்ட குடுத்துட்டுப் போனீங்க?"

சவுரியப்பனின் கண் பக்கத்துக் கடைக்குப் போனது. குள்ளன் சாக்கை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். சக்கரத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஏழு ஆணிகளையும் பிடுங்கித் துடைத்துக்கொண்டு சவுரியப்பன் பக்கத்துக் கடைக்குப் போனான். நானும் போனேன், அடிப்பதென்றால் சேர்ந்து அடிக்கலாம் என்று. அவன் அடிக்கவில்லை. அருள்குமாரின் கையைப் பிடித்து விரித்து ஆணிகளை அதில் வைத்தான்.

"இதாங்க உங்க ஆணி" என்றான். நாற்பது வருஷத்தில் அவனை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

அருள்குமாரின் முகம் செத்துப்போனது. ஆனாலும் வாய் ஓயவில்லை.

"மச்சான், ஒரே ஒரு வண்டிடா. உன் எழுத்து இருந்தா மறுநாளே போயிடுது. ஒவ்வொரு ஆணியா பிடுங்கிட்டு இருந்தா நான் எப்ப விக்கறது? உன் பேரு வேற என் பேரு வேறயாடா?"

"மாதாகிட்ட உனக்கும் சேத்துத்தான்டா மெழுகுவத்தி ஏத்துனேன்" என்றான் சவுரியப்பன். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. ஐம்பதை நெருங்குகிற ஆம்பளை, கடை வாசலில் நின்று அழுதான். அருள்குமார் செய்தது பச்சைத் துரோகம். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அதன் பிறகு சவுரியப்பன் மலைக்குப் போய்ச் சந்தியாவைப் பார்த்துவிட்டு வந்தான். குடிக்க மோர் கொடுத்தார்களாம். யாரும் திட்டவில்லையாம். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றான். ரிம்மில் எழுதுவதை நிறுத்திவிட்டான். எழுதச் சொல்லிக் கேட்கிறவர்களிடம், "அந்த எழுத்து இப்ப என்னுது இல்லீங்க" என்கிறான். நான் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் செப்டம்பர் இரண்டைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர், ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க என்றார்கள். ரோட்டில் ஆணி போடுகிறவன் என்ற பழைய பேச்சும் திரும்பி வந்துவிட்டது.

இந்த ஆகஸ்டிலும் காவி கட்டினான். கிளம்புகிற காலையில் ஷட்டரை இறக்கிப் பூட்டினான். நான் ரோட்டைத் தாண்டிப் போய்க் கையை நீட்டினேன்.

"சாவியக் குடுடா. காத்து கேக்கறவங்களுக்கு நான் பிடிச்சு வுடறேன்."

என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கணக்குப் போடுகிற ஒரு தயக்கம்தான் இருந்தது.

"வேணாம்டா மணி. உனக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்லிவிட்டு, சாவியை ஜெபமாலையில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தான்.

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. நீட்டிய கையை மடக்காமல் நின்றேன். இருபது வருஷத்தில் என் வண்டி ஆணி எத்தனையை அந்தக் கையில் வைத்திருப்பான். ஒரு சாவியை வைக்க முடியவில்லை.